சுடுதண்ணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாயே

திருச்செங்கோடு தாலுகா, தோட்டத்து வீடு,
வெகுதானிய வருஷம், தை மாதக் கடைசி

என் கண்ணு ராசாத்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னச் சாமியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் துணை இருக்கட்டும். இங்கே நான், உங்கய்யன், பாப்பாயி அத்தை, மார்கழியில் கன்று போட்ட எருமை எல்லோரும் சுகம். இதில் எருமை மட்டும்தான் வாயை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறது, மற்ற மூன்று பேரும் பொழுது விடிந்தால் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். சண்டைக்குக் காரணம் நீதான், ஆகையால் முழுக் கதையையும் நீயே படித்துத் தீர்க்க வேண்டும், நடுவில் தூக்கம் வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தைப் படி.

பொங்கலுக்கு முன்னால் நீ போட்ட காகிதம் வந்து சேர்ந்தது. பம்பாய் வீட்டில் குளிக்கிற அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறது, அதில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற தொட்டியே கிடையாது, குழாயைத் திருப்பினால் உள்ளே குப்பென்று நெருப்புப் பிடித்துத் தண்ணீர் போகிற போக்கிலேயே சுட்டுக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தாய். படித்து ஆச்சரியப்பட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே, பிரசவத்துக்கு அங்கே வந்தால் நேரம் காலம் இல்லாமல் சுடுதண்ணி வேண்டுமே, அதற்கு என்ன செய்வீர்கள், அவர் இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், குமாரபாளையத்து மாமனாரும் அதுவே சரி என்று எழுதிவிட்டார் என்று எழுதியிருந்தாய். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு வராத தாய் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் சொல். மாசியில் ஏழாம் மாசம், குமாரபாளையத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய் உனக்கு வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எத்தனையோ நாளாக மனசுக்குள்ளேயே சமைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் கண் சிவந்திருந்ததை அத்தை பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார், வெங்காயம் உரித்தேன் என்றேன், அன்றைக்குக் குழம்பில் வெங்காயமே இல்லை.

உங்கய்யனுக்கு மட்டும் அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி படவில்லை, சம்பந்தி எழுதியது படவில்லை. சுடுதண்ணி இல்லை என்றுதானே பிள்ளை தயங்குகிறாள், அதைச் செய்துவிட்டால் ஆயிற்று என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் துண்டை உதறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததா. போன தடவை உதறியபோதுதான் சுவர்க்கடிகாரம் வந்தது, அது இன்றைக்கும் பால் கறக்கிற நேரத்தில் பன்னிரண்டு அடிக்கிறது, உங்கய்யன் அதைக் கேட்டுவிட்டுச் சரியாகத்தான் அடிக்கிறது, பொழுதுதான் தப்பாக விடிந்திருக்கிறது என்பது போல வானத்தைப் பார்க்கிறார்.

அத்தையின் கட்சி அண்டாவின் கட்சி. செப்பு அண்டா கல்லு மாதிரி இருக்கிறது, மூன்று கல்லை வைத்து மேலே தூக்கி வைத்தால் ஊரே குளிக்கலாம், அதுவும் பிரசவம் வைகாசியில், அந்த வெயிலில் குடத்தை வாசலில் வைத்தாலே தானாகச் சுடும், இதற்கு ஒரு ஆலோசனையா என்கிறார். அண்டாத் தண்ணி காய்வதற்குள் பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும் என்று உங்கய்யன் சொன்னார். அக்கா நான் உன்னைக் குளிப்பாட்டினது அந்த அண்டாவில்தான் என்று அத்தை சொன்னார். அதனால்தான் இப்படி இருக்கிறேன் என்று உங்கய்யன் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் யோசித்தார்.

மறுநாள் சேலத்துக்குப் போய்ச் செவ்வாய்ப்பேட்டையில் பாய்லர் பார்த்தார். நானும் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன், குடம் போல வயிறு, நடுவில் கரி போடுகிற குழல், கீழே திருகுகிற குழாய், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உங்கய்யன் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்து, இதுல தண்ணி தங்குதுங்களே என்று கேட்டாராம். பாய்லர்ல தண்ணி தங்காம என்னங்க பண்ணும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். பம்பாயில தங்கறதில்லீங்க, போற போக்குல சுட்டுருதுங்க என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். நல்ல பாய்லரை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவரிடம் நான் என்ன பேச முடியும், சோற்றைப் போட்டேன்.

பிறகு கரண்டு. மேட்டூரிலிருந்து வருகிற கம்பி திருச்செங்கோடு வரைக்கும் வந்துவிட்டது, சாயந்திரமானால் கடைவீதியில் விளக்கு எரிகிறது, நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன், எல்லோர் முகமும் மஞ்சள் பூசின மாதிரி தெரிகிறது. அதைக் கவனிக்கிற ஆபீசில் சின்ன வயசுக்காரர் ஒருவர் உங்கய்யனை உட்கார வைத்து மரியாதையாக விசாரித்திருக்கிறார். வீட்டுக்குக் கம்பி வந்திருக்கிறதா என்று கேட்டார், இல்லீங்க. குழாய்த் தண்ணீர் இருக்கிறதா, இல்லீங்க, கிணறு. சரி, உயரத்தில் தொட்டியாவது கட்டியிருக்கிறீர்களா. தொட்டி வேண்டாமுன்னுதானுங்க உங்ககிட்ட வந்திருக்கறேன் என்று உங்கய்யன் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு தம்ளர் மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டதாம். இங்கே அத்தை வேறு, கம்பத்துல ஓடறதத் தண்ணியில உட்டுப் புள்ளத்தாச்சி தலையில ஊத்துவியாடா என்று கையில் இருந்த முறத்தோடு எழுந்துவிட்டார். கரண்டு அதோடு போயிற்று.

கடைசியாக உங்கய்யனே ஒரு வழி கண்டுபிடித்தார். செப்புக் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றி அடுப்புக்குள் பதிப்பது, மேலே ஒரு குடத்தில் பச்சைத்தண்ணி, கீழே வெளியே வருகிற முனையில் சுடுதண்ணி, நடுவில் எங்கேயும் தங்கக் கூடாது. மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். வரைந்ததைப் பார்த்தால் ஜாங்கிரி மாதிரி இருந்தது, நான் ஜாங்கிரி என்றுதான் நினைத்தேன், உனக்குப் பலகாரம் அனுப்பப் போகிறார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதை எடுத்துக்கொண்டு கடைவீதியில் பாத்திரம் அடிக்கிற பெரியசாமி ஆசாரியிடம் போய் இந்த மாதிரி ஒரு குழாய் வேண்டும், அடுப்பில் வைக்க வேண்டும் என்றிருக்கிறார். ஆசாரி எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஏனுங்க, உங்க வயசுக்கு இது தேவைதானுங்களா, நம்ம ஜில்லாவுல கள்ளு சாராயத்த நிறுத்துனதுல இருந்து நான் இந்தக் குழாயக் கையில தொடறதில்லீங்க, வேற பக்கம் பாருங்க என்று மெதுவாகச் சொன்னாராம். உங்கய்யனுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. பாக்குக்கூட மெல்லாத மனுஷனைச் சாராயம் காய்ச்ச வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு ஓடி வந்து உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசாரிக்கு வரி வரியாகப் படித்துக் காட்டி, பிள்ளை குளிக்கத்தான் என்று நிரூபித்து, குழாய்க்குச் சொல்லிவிட்டு வந்தார். உன் காகிதம் இப்போது கடைவீதி முழுக்கத் தெரியும், இனிமேல் எழுதும்போது கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தமாக எழுது.

குழாய் வந்தது. பின்பக்கம் குளிக்கிற மறைப்பை ஒட்டி அடுப்புக் கட்டி, சுருளை உள்ளே பதித்து, உயரத்தில் பலகை போட்டுக் குடத்தை வைத்து, குடத்தின் அடியில் துளைபோட்டுக் குழாயோடு சேர்த்து, எல்லாம் உங்கய்யனே முன்நின்று செய்தார். முதல் நாள் கடலைத்தோலைப் போட்டு எரித்தபோது கீழ் முனையில் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை, அத்தை குனிந்து பார்த்தார், அப்போது பார்த்து ஆவியும் தண்ணியுமாய்ப் புஸ்ஸென்று வந்தது, அத்தை போட்ட கூச்சலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய்விட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. மறுநாளிலிருந்து பழகிவிட்டது, சின்னப் பிள்ளை மூத்திரம் போகிற மாதிரி கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வருவது எல்லாம் நல்ல சூடு. நிஜமாகவே போகிற போக்கில்தான் சுட்டது ராசாத்தி. இதை நான் உங்கய்யன் எதிரில் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த துண்டை உதறிவிடுவார்.

ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும். பருப்பு வேகாது, சீலை வெளுக்காது, குடிக்க ஊர்க் கிணற்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டு வருகிறோம். அந்த உப்புத்தண்ணி நாளாக நாளாகக் குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டது. வருகிற தண்ணி நூலாகி, நூல் சொட்டாகி, ஒரு நாள் சொட்டும் நின்றுபோயிற்று. அடுப்பு, குழாய், குடம் எல்லாவற்றையும் யோசித்த மனுஷர் தண்ணியை யோசிக்கவில்லை. உங்கய்யன் சோர்ந்துபோய்க் குடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், எனக்கே பாவமாக இருந்தது. அப்போதுதான் நம் அத்தைக்கு மனசு இளகியது. செப்புப் பாத்திரத்தில் படிந்த உப்புக்கு உலகத்தில் ஒரே மருந்துதான், எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். பானையில் இருந்த பழம்புளியை எடுத்துக் கொட்டையோடு நாரோடு நன்றாகக் கரைத்து வடிகட்டி, சாயந்திரமாக அந்தக் குடத்தில் நிறைய ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டு, யாரும் தொடாமல் இருக்க அடையாளமாகக் குடத்தின் கழுத்தில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை, உங்கய்யனிடமும் சொல்லவில்லை, தம்பி விடிந்ததும் தண்ணி கொட்டுவதைப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று ஆசை. விடிந்தும் விடியாததுமாக வேண்டுதல் என்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்.

விடிந்தால் சனிக்கிழமை. முதல் மோட்டாரில் வந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு வண்டிப்பாதையில் யாரோ வருகிறார்களே என்று பார்க்கிறேன், உன் மாமனார். சொல்லாமல் கொள்ளாமல். முகத்தில் சிரிப்பு இல்லை. வாங்க சம்பந்தி என்று கூப்பிட்டுத் தண்ணி கொடுத்தால், ஒரு வாய் குடிப்பதற்கு முன்னால் செம்பை மோந்து பார்த்தார். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்பக்கம் புகை வருகிறதே என்றார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, பிறகுதான் தெரிந்தது, செப்புக்குழாய்ப் பேச்சு கடைவீதியில் இருந்து கிளம்பி, பள்ளிபாளையம் வழியாக ஆற்றங்கரையோடு நடந்து, குமாரபாளையத்துத் தறிவீடுகளுக்குள் நுழைந்தபோது நம் வீட்டில் ராத்திரியும் பகலும் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஆகியிருந்தது. அவர் வந்த காரியம் அதை நேரில் பார்ப்பது, பார்த்துவிட்டுக் கட்டுச்சோறும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளை பம்பாயிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது. சாப்பிட்டுட்டுப் பேசுவோமுங்க, ஒரு விஷயம் இருக்குது என்று அவர் சொன்னபோதே களைந்த அரிசியை மறுபடியும் களைய ஆரம்பித்துவிட்டேன். நீ எழுதிய பம்பாய்ப் பிரசவம்தான் அந்த விஷயம் என்று தெரிந்துவிட்டது.

உங்கய்யனுக்கு அது எங்கே தெரிந்தது, விடியக்காலையில் குழாய் முனையில் மறுபடியும் தண்ணி சொட்டுவதைப் பார்த்து, அடைப்புத் தானாக விட்டுவிட்டது என்ற குஷியில் அடுப்பையும் மூட்டி வைத்திருந்தார். சனிக்கிழமை வந்த சம்பந்தி எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் போவதாவது என்று விடாப்பிடியாகப் பிடித்து, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலையில் வைத்து, எண்ணெய் போக அரப்புத் தூளைக் கையில் கொடுத்து மறைப்புக்குள் உட்கார வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சுடுதண்ணி எங்க ஊட்லயும் வருதுங்க, பாருங்க என்று பெருமை வேறு. குடத்தில் வேப்பிலை கட்டியிருப்பதைப் பார்த்தாரே ஒழிய, அக்கா கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியிருக்கிறாள் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுப்பில் கடலைத்தோலை அள்ளிப் போட்டார். ராத்திரி முழுக்க ஊறின புளி தன் வேலையைச் செய்திருந்தது. அடைப்பெல்லாம் கரைந்து, அதுவரைக்கும் அடைத்துக் கிடந்த தண்ணி அன்றைக்குப் பார்த்துக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நானும் அடுக்களையில் இருந்து சத்தத்தைக் கேட்டு, அப்பாடா மானத்தைக் காப்பாற்றியது என்று நினைத்தேன்.

சம்பந்திக்குக் கண்ணெல்லாம் அரப்பு, திறக்க முடியவில்லை. தலையில் எண்ணெயும் அரப்பும் அதன் மேல் சுடச்சுடப் புளித்தண்ணியும் விழுந்திருக்கிறது. செப்புக்குழாயில் என்ன வருகிறது என்று பார்க்கத்தானே வந்திருக்கிறார், மீசையில் வழிந்ததை நாக்கை நீட்டி ருசி பார்த்திருக்கிறார். மறுபடியும் பார்த்திருக்கிறார். அப்புறம் மறைப்புக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. ஏனுங்க சம்பந்தி, எல்லாஞ் சரியா இருக்குதுங்க, உப்புத்தான் கொஞ்சங் கம்மியா இருக்குது.

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். உங்கய்யன் குடத்துக்குள் கையை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அதே நேரத்துக்குப் பார்த்து அத்தை கோயிலிலிருந்து திருநீறோடு வந்து, ஐயோ அதுல புளி ஊறுதேடா என்று வாசலிலிருந்தே கத்தினார். பம்பாய்ப் பிரசவப் பேச்சு போதாதென்று சம்பந்தி தலையில் ரசத்தை ஊற்றியாகிவிட்டது, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்பது. உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது, இறக்கப் போகவில்லை.

ஊர்க் கிணற்றுத் தண்ணியைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக் குளிக்க வைத்தோம். உன் மாமனார் வெளியே வந்தபோது பார்க்க வேண்டுமே, கையில் கட்டியிருந்த செப்புத் தாயத்து அன்றைக்குத்தான் ஆசாரி அடித்த மாதிரி பளபளவென்று இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இலையில் உட்கார்ந்தார். நான் தலையைத் தூக்காமல் பரிமாறினேன். சோற்றுக்குக் குழம்பு ஊற்றினேன், சாப்பிட்டார். அடுத்து ரசத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையால் இலையை மறைத்து, வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சு என்றார். சொல்லிவிட்டு அவராலேயே அடக்க முடியவில்லை, சிரித்தார் பார், புரையேறித் தலையைத் தட்டித் தண்ணி கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கய்யன் சிரித்தார், அத்தை சிரித்தார், நான் மட்டும் ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவினதும் பின்பக்கம் போய் அடுப்பையும் சுருளையும் குனிந்து குனிந்து பார்த்தார். உங்கய்யன் உன் காகிதத்தைக் கொண்டுபோய் அவருக்கும் படித்துக் காட்டினார். அதைக் கேட்டுவிட்டு அவர் குழாய் முனையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். குடிக்கறதுக்குக் குழாய் வெச்சிருக்கறீங்கன்னு ஊரே பேசுதுங்க, அதக் கேக்கலாமுன்னுதான் வந்தேன், வந்து பாத்தாப் பொண்ணு குளிக்கறதுக்கு வெச்சிருக்கறீங்க, நான் என்னத்தக் கேக்கறது என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாசியில நல்ல நாளாப் பாத்துக் கட்டுச்சோறு கொண்டாங்க, பையனுக்கு நான் எழுதறேன், புளிச்சோறு மட்டும் எனக்கு வேண்டாமுங்க, என் பங்கு தீந்துபோச்சு என்றார். நான் கும்பிட்டேன். போகிற போது வண்டிப்பாதை வரைக்கும் போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார், இந்தக் கெணத்துத் தண்ணிய நம்பி எம் பேரப்புள்ளயக் குளிக்க வெக்க முடியாதுங்க, காவேரித் தண்ணி நான் பீப்பாயில வண்டி கட்டி அனுப்பறேன், குழாய் உங்குளுது, தண்ணி எங்குளுது. அது எப்படி இருக்கிறது பார். குழாயும் அடையாது, அவருக்கும் பங்கு ஆயிற்று.

ஆகையால் ராசாத்தி, இனி உனக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் பயம் என்றால், திருச்செங்கோட்டில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன், கண்டிப்பான ஆள், என்னையே அதட்டினார், அதனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், பம்பாய்ப் பெட்டி நல்ல பெட்டிதான், யார் இல்லை என்றது, ஆனால் அது தண்ணியைத்தான் சுட வைக்கும், உனக்கு இடுப்பு வலிக்கும்போது நீவி விடாது, ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்து வாங்கிக்கொள்ளாது. அவரும் லீவு கிடைத்தால் வந்து இருக்கட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும், அவருக்கும் ஒரு குடம் போடுகிறேன். நீ எழுதினது அவர் மனசா உன் மனசா என்று நான் கேட்க மாட்டேன். என் மனசைச் சொல்லிவிடுகிறேன், நீ எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், உன் பிள்ளையை முதலில் என் கையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். சுடுதண்ணி, குழாய், கரண்டு, புளி எல்லாம் அதற்குப் பின்னால் வந்ததுதான்.

வருகிறபோது பகல் வெளிச்சம் இருக்கிற வண்டியாகப் பார்த்து ஏறு. வழியில் வண்டி மாறும்போது அவசரப்படாதே, மூட்டையை நீ தூக்காதே, ஸ்டேஷனில் விற்கிற வடையைத் தொடாதே, ஜன்னலில் தலையை நீட்டிக் கரியை வாரிக்கொள்ளாதே. முருங்கைக்கீரை கிடைத்தால் தின்னு, கிடைக்காவிட்டால் கிடைத்த கீரையைத் தின்னு. ஈரோட்டில் உன் மாமனாரே வண்டியோடு வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார், இறங்கினதும் காலில் விழுந்து கும்பிடு, தாயத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே, அவர் சிரித்தால் நீயும் சிரி. உங்கய்யன் அந்த வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எத்தனை சுற்று இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொன்னார், நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அத்தை குடத்தின் கழுத்தில் இப்போது வேப்பிலைக்குப் பதிலாகச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு உங்கய்யன் கும்பிடு போடுவதில்லை.

நீ வந்து குளிக்கிற முதல் நாள் குழாயில் வருகிற தண்ணியை நான் முதலில் என் உள்ளங்கையில் பிடித்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உன் தலையில் விடுவேன். தீர்க்காயுசாக, மஞ்சளும் குங்குமமுமாக, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் இரு சாமி. எந்தத் தேதி கிளம்புகிறாய் என்று மறக்காமல் மறு தபாலில் எழுது. சுடுதண்ணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாயே, இதைத்தான் செய்தோம்.

இப்படிக்கு
உன் வரவுக்கு அடுப்பு மூட்டி வைத்திருக்கும்
அம்மா உண்ணாமலை